தோட்டத்து வீடுகளில் கேம்கோடர்: நிறையும் குறையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப்பைச் சுற்றியுள்ள மண்ணில் முதலில் கரும்பு விளைந்தது. பிறகு ரப்பர் வந்தது; அதற்கும் பிறகு செம்பனை. இன்று வீடமைப்புத் தாமான்களும் பத்து காவான் பக்கத்துத் தொழிற்சாலைகளும் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு வருகின்றன. வால்டோர், பைரம், திரான்ஸ்கிரியன் என்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் பெரும்பாலும் நிற்கவில்லை.

மக்கள் லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த காலமும், கையடக்க வீடியோ கேமரா சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டிய காலமும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின. ஏறத்தாழ 1990களின் நடுவிலிருந்து 2010 வரையான காலம் அது. தோட்டத்துக் கோயில் திருவிழா, அக்காவின் கல்யாணம், தாத்தா லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிய பேச்சு என்று பல வீடுகளில் அசையும் படமாக இருப்பது கேம்கோடர் பதிந்தது மட்டுமே. ஆகவே அந்தக் கருவியின் நிறைகுறைகளை எடைபோடுவது கடைக்காரரின் விற்பனைப் பேச்சைவிடக் கொஞ்சம் கனமான வேலை.

கேமரா மதிப்புரைகள் வழக்கமாக ஜூம் எத்தனை மடங்கு, பிக்சல் எத்தனை, எடை எவ்வளவு என்பதோடு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்கிறது. நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் கருவி எப்படி உழைத்தது என்பது முதல் கணக்கு. இருபது ஆண்டு கழித்து அந்தப் பதிவை எடுத்துப் பார்க்க முடிகிறதா என்பது இரண்டாவது. முதல் கணக்கில் கேம்கோடர் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவதில் வகைக்கு வகை முடிவு மாறுகிறது. அதுவும் நாம் நினைக்காத வரிசையில் மாறுகிறது.

கருவியின் தலைமுறைகள்

படமெடுக்கும் கேமராவும் பதியும் கருவியும் ஒரே பெட்டிக்குள் வந்தது 1983இல், சோனியின் பீட்டாமூவியோடு. அதில் பதிய மட்டும்தான் முடியும். போட்டுப் பார்க்க வீட்டில் தனிக் கருவி வேண்டும். 1985இல் 8 மில்லிமீட்டர் கேசட் வந்ததும் கேமரா தோளிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கியது. 1992இல் ஷார்ப் நிறுவனம் பெரிய திரையைப் பார்த்தபடியே படமெடுக்கும் வியூகேமை வெளியிட்டது. கண்ணைச் சிறு துளையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய கட்டாயம் அதோடு தளர்ந்தது.

இலக்கவியல் யுகம் 1995இல் தொடங்கியது. மினிடிவி என்ற சிறு கேசட்டில் பதியும் முதல் கேமராக்களை அந்த ஆண்டில் சோனியும் ஜேவிசியும் கொண்டுவந்தன. சோனியின் டிசிஆர்-விஎக்ஸ் 1000 மூன்று உணரிகளோடு, ஃபயர்வயர் கம்பி வழியே கணினிக்குப் படத்தை அப்படியே அனுப்பும் வசதியோடு வந்தது. 1999இல் டிஜிட்டல்8, 2000இல் ஹிட்டாச்சியின் டிவிடி கேமரா, 2003இல் மினிடிவி கேசட்டிலேயே உயர்தெளிவுப் படம் பதியும் எச்டிவி, 2004இல் ஜேவிசியின் எவெரியோ, 2006இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து வகுத்த ஏவிசிஎச்டி எனத் தலைமுறைகள் அடுத்தடுத்து வந்தன. 2014 வாக்கில் 4கே தெளிவும் வீட்டுக் கேமராவுக்கு வந்துவிட்டது.

இருபது ஆண்டுக்குள் சேமிப்பு ஊடகம் இத்தனை முறை மாறியிருக்கிறது. ஒரே குடும்பத்தில் மூத்த பிள்ளையின் காதுகுத்து 8 மில்லிமீட்டர் கேசட்டிலும், இரண்டாம் பிள்ளையின் முதல் பிறந்தநாள் மினிடிவியிலும், கடைக்குட்டியின் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒரு சிறு வட்டிலும் கிடப்பது இதனால்தான்.

கூட்டத்திலும் மண்டபத்திலும்

கேம்கோடரின் பலம் தெரிய வேண்டுமானால் அதைத் தைப்பூசத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1894 முதல் ஓடும் நகரத்தார் வெள்ளி ரதம் ஜோர்ஜ்டவுன் கோவில் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிப் போகிறது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. வழியெங்கும் தேங்காய் உடைக்கிறார்கள். ஓட்டுச் சில்லும் இளநீரும் தெறிக்கும் இடத்தில் கேமராவோடு நெருங்கி நிற்பது அறிவுடைமை ஆகாது. அந்தச் சூழலில் 10 முதல் 30 மடங்கு வரையிலான ஒளியியல் ஜூம்தான் கைகொடுக்கிறது. கண்ணாடி வில்லைகளே நகர்ந்து படத்தைப் பெரிதாக்குவதால், தூரத்து ரதத்தின் சிற்பவேலையும் தெளிவாகத் தெரியும். விரல் நுனியில் அழுத்தும் ஜூம் பொத்தான், அழுத்தத்துக்கு ஏற்ப மெதுவாகவோ விரைவாகவோ நகரும். இதே பெட்டியில் எழுதியிருக்கும் ‘இலக்கவியல் ஜூம்’ என்பது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை மட்டுமே. அந்த எண் எத்தனை நூறாக இருந்தாலும் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

இரண்டாவது பலம் உடலமைப்பு. கைவார், கட்டைவிரலுக்குப் பதிவுப் பொத்தான், ஆள்காட்டி விரலுக்கு ஜூம் என எல்லாம் ஒரு கைக்குள் அடங்கும். திரையைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டால் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தும் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளில் காவடியோடு ஏறுபவரைப் பின்தொடரும்போது கை நடுங்கத்தான் செய்யும். வில்லையே அசைந்து அந்த நடுக்கத்தை ஈடுசெய்யும் ஒளியியல் நிலைப்படுத்தி கேம்கோடரில் நெடுங்காலமாக இருக்கிறது. மலிவு வகைகளில் அதற்குப் பதில் மின்னணு நிலைப்படுத்தி இருக்கும். பலன் குறைவு, படத்தின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும்.

மூன்றாவது பலத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள். கேம்கோடரின் உணரி மிகச் சிறியது. பல வீட்டு வகைகளில் 1/6 அங்குலம்தான். சிறிய உணரி என்றால் கூர்மை ஆழமாக விழும்: முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவார்கள். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு கல்யாண வீடியோக்காரர்கள் பெரிய உணரிக்கு மாறினார்கள். மணமக்கள் முகம் பளிச்சென்று தெரிய, பின்புலம் பஞ்சாகக் கரையும் அழகு பலருக்குப் பிடித்தது. அந்தப் பஞ்சுக்குள் மறைந்தவர்கள் யார்? பெரியப்பா, அத்தை, எதிர்வீட்டுப் பாட்டி. கல்யாண வீடியோவை இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவர்கள் தேடுவது அவர்களைத்தான். குடும்பப் பதிவு என்ற அளவில் சிறிய உணரியின் ஆழ்ந்த கூர்மையை நிறைப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

நான்காவது, நின்று உழைக்கும் குணம். ஒரு மினிடிவி கேசட் 60 நிமிடம் ஓடும். நினைவக அட்டையில் பதியும் வகைகளோ, மின்கலமும் இடமும் உள்ள வரை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளி ஆண்டுவிழா, கோயில் குடமுழுக்கு, மூன்று மணி நேரப் பட்டிமன்றம் ஆகியவற்றை முக்காலியில் வைத்துப் பதிய அதைவிட நம்பகமான வீட்டுக்கருவி இன்றும் குறைவு.

சிவப்பு, கற்பூரம், உறுமி

ஜப்பானில் வடிவமைத்த கருவி நம் சடங்குகளைச் சந்திக்கும் இடத்தில்தான் குறைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது நிறம். நம் நாடு பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் மினிடிவி 720க்கு 576 புள்ளிகளில் படத்தைப் பதிகிறது. ஒளியளவு ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகும். நிறமோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான். மனிதக் கண் நிறத்தை மொத்தமாகவே உணர்கிறது என்ற நியாயத்தில் செய்த சிக்கனம் இது. வெளிர்நிற உடை அணிந்தவர்கள் உள்ள படத்தில் யாருக்கும் தெரியாது. அரக்குச் சிவப்புக் கூரைப்புடவை, குங்குமம், செவ்வரளி மாலை எனச் சிவப்பு நிறைந்த மணவறையில் தெரிந்துவிடும். நிறத்தின் விளிம்பு படிக்கட்டுப்போல் உடைந்து நிற்கும். ஏவிசிஎச்டியிலும் இதே சிக்கனம் உண்டு; ஆனால் புள்ளிகள் அதிகமாக இருப்பதால் அது கண்ணுக்கு உறுத்தாது.

இரண்டாவது வெளிச்சம். கருவி தானாக வெளிச்சத்தைச் சமன்செய்யும்போது சட்டம் முழுவதையும் சராசரியாக்கிப் பார்க்கிறது. வெள்ளை வேட்டி, சுண்ணாம்படித்த கோயில் சுவர், பளபளக்கும் வெள்ளி ரதம் இவற்றுக்கு நடுவே நம் மாநிற, கருநிற முகங்கள் இருண்டுபோவது இதனால்தான். பின்னொளிப் பொத்தானை அழுத்தினால் முகம் மீளும், சுவர் வெளிறும். இரண்டில் எது முக்கியம் என்று முடிவெடுக்கத் தெரிந்த கை வேண்டும். முழுத் தானியங்கியில் விட்டுவிட்டுப் படமெடுத்தவர்களின் வீடியோவில் வேட்டியின் மடிப்பு தெரியும், மாப்பிள்ளையின் முகபாவம் தெரியாது.

மூன்றாவது தீபம். பழைய கேமராக்களில் இருந்த சிசிடி உணரியில், இருட்டான கருவறையில் கற்பூரம் ஏற்றியதும் சுடரின் மேலும் கீழுமாக ஒரு வெளிச்சக் கோடு திரை முழுக்க ஓடும். அளவுக்கு மீறிய ஒளி அந்த நெடுவரிசை முழுவதிலும் கசிவதால் வரும் கோளாறு அது. பின்னால் வந்த சிமாஸ் உணரியில் இந்தக் கோடு இல்லை. வேறொரு தொல்லை வந்தது. சிமாஸ் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டும் கணத்தில் சுற்றியுள்ள எல்லாரும் ஃபிளாஷ் அடிப்பார்கள். படித்துக்கொண்டிருக்கும் பாதியில் ஃபிளாஷ் விழுந்தால் சட்டத்தின் ஒரு பாதி வெளுத்து, மறுபாதி இருண்டு கிடக்கும். முழுக் கல்யாணத்திலும் எது முக்கியமோ அந்தச் சில நொடிகளில்தான் இந்தக் கோளாறு மொத்தமாக வந்து சேரும்.

நான்காவது ஒலி. இதுவே ஆகப்பெரிய குறை. கேமராவின் முகப்பிலோ தலையிலோ இருக்கும் மைக், பேசுபவரைவிடக் கேமரா பிடித்திருப்பவரின் மூச்சையும் கேசட் சுழலும் முனகலையும் நன்றாகக் கேட்கும். ஒலியளவைக் கருவி தானாகவே ஏற்றி இறக்கும். உறுமி மேளம் அதிர்ந்ததும் அளவு சட்டென்று இறங்கும். மேளம் நின்ற பிறகு பெரியவர் சொல்லும் வாழ்த்து சில நொடிகளுக்குக் காதில் விழாது. அமைதி நீடித்தால் அளவு மெல்ல ஏறி, மண்டபத்துக் காற்றாடியின் இரைச்சலைப் பெரிதாக்கிக் கொடுக்கும். வெளி மைக் செருகினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் விலை குறைந்த பல வகைகளில் அந்தத் துளையே கிடையாது. இன்னொரு சிறு பொறியும் உண்டு: பல மினிடிவி கேமராக்கள் 12 பிட் ஒலி அமைப்போடுதான் கடையிலிருந்து வந்தன. பட்டியலுக்குள் போய் 16 பிட்டுக்கு மாற்றியவர்களுக்கு மட்டும் குறுவட்டுக்கு நிகரான ஒலி கிடைத்தது.

ஈரம் என்னும் எதிரி

பினாங்கின் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மின்னணுக் கருவிக்கு இது கடினமான ஊர். கேமராவைப் பையோடு அலமாரியில் பூட்டிவைத்தால் வில்லையின் உட்புறத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தும் போகாது. கேசட் நாடாவின் ஓரங்களிலும் வெள்ளைத் தூளாகப் பூஞ்சை பிடிக்கும்.

குளிரூட்டிய காரிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ கேமராவை வெளியே எடுத்ததும் வில்லை பனிப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நாடா வகைகளில் அதே ஈரம் உள்ளே சுழலும் தலையுருளையிலும் படியும். ஈர உருளையில் நாடா ஒட்டினால் கிழிந்துவிடும் என்பதால் கருவி எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாகவே இயங்க மறுக்கும். மணமக்கள் மண்டபத்தை விட்டு வெளியே வரும் காட்சி பல வீடியோக்களில் விடுபட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். போதிய நேரம் முன்னதாகவே, பையை மூடியபடி, கேமராவை வெளிக்காற்றுக்குப் பழக்கிக்கொள்வதே மருந்து.

ஈரத்தோடு வெப்பமும் சேர்ந்து செய்த பெரிய சேதம் 2005இல் உலக அளவில் தெரியவந்தது. சோனி தயாரித்த சிசிடி உணரிகள் சிலவற்றில், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் உள்ளிணைப்புக் கம்பிகள் விட்டுப்போவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. படம் நெளிந்து நிறம் திரியும், அல்லது திரை வெறும் கறுப்பாகும். அதே உணரியைப் பயன்படுத்திய மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தன. குளிர்நாட்டில் பல ஆண்டு தாங்கும் பொருள் நம் ஊரில் முன்னதாகவே விழும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். கருவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஈரம் போக்கும் பெட்டிக்கு ஒதுக்குவது இங்கே ஆடம்பரச் செலவில் சேராது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் அவ்வப்போது மாற்றும் சிலிக்கா பொட்டலங்களும்கூடப் போதும்.

எங்கே வாங்கியது என்பதும் ஒரு குணம்

கடையில் ‘ஒரிஜினல் செட்’, ‘ஏபி செட்’ என்று இரண்டு விலை சொல்வது பினாங்கில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் தனி இறக்குமதியாக வரும் ஏபி செட்டில் சில நூறு வெள்ளி மிச்சமாகும். உத்தரவாதம் அந்தக் கடையோடு நின்றுவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒளிபரப்பு முறை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பும் கேமரா பெரும்பாலும் என்டிஎஸ்சி முறையில் இருக்கும். அது நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை படம் பிடிக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 சுழற்சி. இரண்டும் பொருந்தாததால் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் துடித்துக்கொண்டே இருக்கும். மூடுவேகத்தை 1/100 நொடிக்கு மாற்றத் தெரிந்தவர் தப்பிக்கலாம். மலிவு வகைகளில் அந்த வசதியும் இருக்காது.

இப்போது இணையச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்கு ‘4கே கேம்கோடர்’ என்று விற்கும் பெயர் தெரியாத கருவிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு ஒளியியல் ஜூமே கிடையாது; ‘16 மடங்கு’ என்பது இலக்கவியல் ஜூம். 4கே என்பதும் சிறு படத்தைக் கணக்குப்போட்டு ஊதிக் காட்டுவதாகவே பலவற்றில் இருக்கும். தோற்றத்தில் கேம்கோடர், உள்ளே பழைய கைத்தொலைபேசிக் கேமராவின் தரம்.

பதிந்த பிறகு வரும் கணக்கு

இரண்டாவது கணக்குக்கு வருவோம். நிகழ்ச்சி முடிந்ததும் அன்றைய வழக்கம் வீடியோவை விசிடியாக்கி உறவினர்களுக்குக் கொடுப்பது. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள். மினிடிவியில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. குடும்பத்தின் கையில் நின்றது அந்தக் கால் பங்கு. முழுத் தரமுள்ள மூலக் கேசட் வீடியோக்காரரிடம் இருந்தது, அல்லது அடுத்த கல்யாணத்துக்காக அதன்மேலேயே மறுபடி பதிவாகிவிட்டது. நாடாவின் விலையை மிச்சம்பிடித்தபோது அழிந்தது என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை.

சொந்தக் கேமரா வைத்திருந்தவர்கள் நிலை வேறு. அவர்கள் அலமாரியில் எது எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று பார்த்தால், புதியது பழையதைவிட மேல் என்ற எண்ணம் பொய்த்துப்போகிறது.

மினிடிவி நாடாவில் ஒவ்வொரு படமும் தனித்தனியே சுருக்கப்பட்டுப் பதிவாகிறது. நாடாவில் ஓர் இடம் கெட்டால் அந்தப் படத்தில் சில கட்டங்கள் உடையும், அடுத்த படம் சரியாக வந்துவிடும். எச்டிவியில் பன்னிரண்டு படங்களை ஒரு தொகுதியாகச் சேர்த்துச் சுருக்குவதால், ஒரு கீறலுக்கு அரை நொடிக் காட்சி போகலாம். நாடாவை மிச்சப்படுத்த ‘எல்பி’ முறையில் 90 நிமிடம் பதிந்தவர்களுக்கு வேறொரு சிக்கல்: தடங்கள் நெருக்கமாக விழுவதால், ஒரு கேமராவில் பதிந்ததை இன்னொரு கேமரா படிக்க மறுப்பது உண்டு.

டிவிடி கேமராவின் 8 சென்டிமீட்டர் வட்டு வாங்கியபோது மிக வசதியாகத் தெரிந்தது. எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் கருவியில் போட்டால் ஓடும். ஆனால் நல்ல தரத்தில் அரை மணி நேரம்கூட முழுதாகப் பதியாது. பதிந்து முடித்ததும் அதே கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். செய்யாத வட்டை வேறெந்தக் கருவியும் எளிதில் படிக்காது. கேமரா பழுதானால் வட்டும் ஊமையாகிவிடும். போதாததற்கு, எழுதும் வட்டின் சாயப்படலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மங்கும்.

உள்ளேயே வன்தட்டு வைத்த கேமராவுக்குக் கீழே விழுவதும் பலத்த அதிர்வும் ஆகாது. தட்டு செத்தால் ஆண்டுக்கணக்கான காட்சிகள் ஒரே நாளில் போகும். நாடாவில் இந்த ஆபத்து இல்லை: ஒரு கேசட் போனால் ஒரு நிகழ்ச்சிதான் போகும். அட்டையில் பதியும் வகைகள் படமெடுக்க இனியவை. ஆனால் அட்டை விலையுயர்ந்தது என்று அழித்து அழித்துப் பயன்படுத்தினோம். கணினிக்கு மாற்றியதுதான் ஒரே பிரதி. அந்தக் கணினியும் பழுதானபோது அந்தப் பிரதியும் போய்விட்டது. நாடாக் கேமராவின் பெரிய எரிச்சல், ஒரு மணி நேரக் காட்சியைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. அந்த எரிச்சலினாலேயே கேசட்டை யாரும் அழிக்காமல் விட்டுவைத்தார்கள். குறையென்று எண்ணியது காவலாக அமைந்தது.

இந்த வரிசையில் மினிடிவி மேலே நிற்பதற்கும் ஒரு காலவரம்பு உண்டு. நாடா நன்றாக இருந்தால் போதாது, அதைப் படிக்கும் கருவி வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் தன் எச்சரிக்கைக்கு ‘காலக்கெடு 2025’ என்றே பெயர் வைத்தது. 2019இல் யுனெஸ்கோ காந்தநாடாப் பதிவுகளைப் பற்றி உலகளாவிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டும் சொன்னது ஒன்றே: ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் 2025 வாக்கில் அரிதாகிவிடும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சோனி மினிடிவி கேசட் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. புதிய கணினிகளில் ஃபயர்வயர் துளை மறைந்து நெடுநாளாகிறது.

தோட்டத்திலிருந்து திரைக்கு

கேம்கோடர் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2000இல் அமிர் முகமதுவின் ‘லிப்ஸ் டு லிப்ஸ்’ மலேசியாவின் முதல் இலக்கவியல் வீடியோ முழுநீளப் படமாக அறியப்பட்டது. 2005இல் தீபக் குமரன் மேனன் இலக்கவியல் வீடியோவில் ‘செம்மண் சாலை’யை எடுத்தார். ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்கும் போனது. ஃபிலிம் சுருளின் செலவு அந்தக் கதையைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்கும். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஒரு சிறு கேசட் போதும் என்ற நிலைமைதான் தோட்டத்தை அதன் சொந்த மொழியில் திரையில் பார்க்க வழிவிட்டது. கருவியின் படத்தரக் குறைகள் அத்தனையும் அந்தப் படங்களுக்கும் பொருந்தும். ஆனால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டதால்தான் அவை எடுக்கப்பட்டன.

கைத்தொலைபேசி வந்த பின்

2007இல் பையில் அடங்கும் ஃபிளிப் வீடியோ கேமரா அமெரிக்காவில் பெரும் விற்பனை கண்டது. 2009இல் சிஸ்கோ அதைத் தயாரித்த நிறுவனத்தை ஏறத்தாழ 59 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் தொழிலையே மூடியது. நடுவில் நடந்தது கைத்தொலைபேசியில் நல்ல வீடியோ வந்ததுதான். வீட்டுக் கேம்கோடரின் கதையும் அதே பாதையில் சுருங்கியது. இன்று பெரிய நிறுவனங்கள் விற்கும் வீட்டு வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கைத்தொலைபேசியின் மேன்மையை மறுக்க வேண்டியதில்லை. எப்போதும் கையில் இருக்கிறது; மாநிற முகத்தையும் வெள்ளைச் சுவரையும் ஒரே சட்டத்தில் சமன்செய்யும் கணிப்பு அதற்குள் இருக்கிறது; எடுத்த நொடியில் அனுப்பலாம். ஆயினும் நடுவில் அழைப்பு வந்தால் பதிவு தடைப்படும். வெயிலில் நெடுநேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும். தூரத்துக் காட்சியை எட்டிப்பிடிக்கும் ஜூம் விலையுயர்ந்த சிலவற்றில்தான் ஓரளவு உண்டு. பாதுகாப்பிலோ விசிடிக் காலத்துத் தவறு அப்படியே திரும்பியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் காட்சி நசுங்கிச் சிறுத்துவிடுகிறது. எல்லாரிடமும் இருப்பது அந்த நசுங்கிய பிரதி. மூலம் எடுத்தவரின் போனில் இருக்கிறது. அடுத்த போன் வாங்கும்வரைதான் இருக்கும்.

முடிவாக

இப்போது கேம்கோடர் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை ஆளுக்கு ஆள் மாறும். கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளி, கலைமன்றம் போல நீண்ட நிகழ்ச்சிகளை ஒரே இடத்திலிருந்து பதிய வேண்டியவர்களுக்கு அது இன்னும் ஏற்ற கருவி. ஒளியியல் ஜூம், ஒளியியல் நிலைப்படுத்தி, வெளி மைக் துளை, காதொலிக் கருவித் துளை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். மைக்குக்குத் தனியாகச் செலவு செய்யத் தயங்கக் கூடாது. 4கே பதிவுக்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 45 ஜிகாபைட் இடம் தேவை; அந்தச் செலவும் கருவியின் விலையில் சேர்ந்தது. குழந்தை நடை பயில்வதைப் பிடிக்க நினைக்கும் குடும்பத்துக்குக் கைத்தொலைபேசியும் ஒரு சிறிய வெளி மைக்கும் போதும். பழைய கேமராவின் மங்கல் அழகுக்காக இளைஞர்கள் இன்று மினிடிவி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் வாங்கும் ஓடும் நிலையிலுள்ள ஒவ்வொரு கேமராவும் யாரோ ஒருவரின் கேசட்டுகளை மீட்கக்கூடிய கருவி என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பவர்களுக்கு வேலை அவசரமானது. அதற்கு வரிசையும் உண்டு. முதலில் டிவிடி வட்டுகளும் வன்தட்டுக் கேமராக்களும். இவைதாம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். அடுத்து எல்பி முறையில் பதிந்த கேசட்டுகள்; பதிந்த அதே கேமரா உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு மற்ற கேசட்டுகள். மாற்றும்போது ஃபயர்வயர் வழியாகவே எடுக்க வேண்டும். பல மினிடிவி கேமராக்களின் யூஎஸ்பி துளை நிழற்படங்களையும் தரம் குறைந்த காட்சியையும் மட்டுமே தரும். கடையில் கொடுத்தால், டிவிடியாக்கித் தராமல் மூலக் கோப்பாகவே தரச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட். இருபது கேசட் சேர்ந்தாலும் 260 ஜிகாபைட்தான். அதை இரண்டு வன்தட்டுகளில் பிரதியெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் ஊர், தோட்டம், நாள், நிகழ்ச்சி நான்கையும் எழுத வேண்டும். படத்தில் உள்ளவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வது இன்னும் நல்லது.

2009இல் குளுகோரின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம் ஒன்று வரைபடத்திலிருந்து போனது. செபராங் பிறையில் இதே மாற்றம் சத்தமில்லாமல், தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறது. அந்த இடங்கள் எப்படி இருந்தன, அங்கே எப்படிப் பேசினார்கள், திருவிழாவில் யார் முன்னால் நின்றார்கள் என்பதற்கு ஆவணக்காப்பகங்களில் இருப்பதைவிட வீட்டு அலமாரிகளில் இருப்பதே அதிகமாக இருக்கக்கூடும். படம்பிடிக்கும் நேரத்தில் கேம்கோடர் தன் வேலையை ஓரளவு சரியாகவே செய்தது. பதிந்ததைக் காப்பது கருவியின் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே புதிய கேமராவுக்கென ஒதுக்கிய பணம் இருந்தால், அதில் முதல் பங்கு பழைய கேசட்டுகளை மீட்கப் போகட்டும். மிச்சம் இருந்தால் கடைக்குப் போகலாம்.